மூப்பை விரட்டப் புறப்பட்ட விஞ்ஞானி

தயிர் நமக்குப் புதிதல்ல. ஆனால், புளித்த பாலில் உள்ள கிருமியைக் கொண்டு மூப்பையே விரட்டலாம் என்று நம்பினார் ஒரு விஞ்ஞானி. அவர் பெயர் மெச்னிகாப்.

ரஷிய சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்த உக்ரைனில், 1845-ம் ஆண்டு அவர் பிறந்தார். 1873-ல் அவருடைய மனைவி காசநோயால் இறந்தார். துக்கம் தாங்காமல் மெச்னிகாப் உயிரை விடத் துணிந்தார். நல்ல வேளை, பிழைத்துக் கொண்டார். சாக நினைத்த அந்த மனிதர்தான் பிற்காலத்தில் நீண்ட ஆயுளுக்கு வழி தேடினார்!

1882-ல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு உடலில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால், முள்ளைச் சுற்றிச் சிறு செல்கள் கூடி நின்றன. உடலுக்குள் ஒரு காவல் படை இருக்கிறது என்று கண்டுகொண்டார். இந்த ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது.

1888 முதல் பாரிசில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தார். பெருங்குடலில் உள்ள கெட்ட கிருமிகள் விஷத்தை உண்டாக்குகின்றன, அதனால்தான் முதுமை வருகிறது என்று எண்ணினார். பல்கேரியா நாட்டுக் கிராமத்தார் புளித்த பால் சாப்பிட்டு நெடுநாள் வாழ்வதாகக் கேள்விப்பட்டார். 1905-ல் கிரிகோரவ் என்ற இளைஞர் அந்தப் பாலில் இருந்த கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். அதைக் குடலில் குடியேற்றினால் போதும் என்றார் மெச்னிகாப். தாமும் தினந்தோறும் புளித்த பால் அருந்தினார். 1907-ல் புத்தகம் எழுதினார். ஐரோப்பா முழுவதும் புளித்த பாலுக்குக் கிராக்கி ஏற்பட்டது.

1916-ல் இதய நோயால் காலமானார். வயது 71.

புளித்த பாலின் கிருமி குடலில் நிலைத்து வாழ்வதில்லை என்று பின்னர் தெரிந்தது. அது பாலில் வளர்ந்த கிருமி. குடல் அதற்கு அந்நிய வீடு. வந்த விருந்தாளி சில நாளில் புறப்பட்டு விடும்! பால் இனிப்பைச் செரிக்க உதவும் என்பது உண்மை. ஆயுளைக் கூட்டும் என்பது நிரூபிக்கப்படவில்லை.

புதிய நல்ல கிருமிகளின் கதை வேறு. அவை மனிதக் குடலிலேயே பிறந்து வளர்ந்தவை. பல, காற்றுப் பட்டால் செத்துவிடும். ஆகவே, வீட்டில் உறை ஊற்றி வளர்க்க முடியாது. 2004-ல் ஆலந்து விஞ்ஞானிகள் அக்கர்மான்சியா என்ற குடல் கிருமியைப் பற்றி வெளியிட்டார்கள். சூடாக்கிக் கொன்ற பிறகும் அது பயன் தருமா என்று ஆராய்கிறார்கள்.

2023-ல் அமெரிக்க அரசு ஒரு கேப்சூலுக்கு அனுமதி கொடுத்தது. ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த கிருமிகள், விதைபோல் உறங்கும் நிலையில் அதில் இருக்கின்றன. முகம் சுளிக்க வேண்டாம். ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்டபின் திரும்பத் திரும்பத் தாக்கும் ஒரு கொடிய வயிற்றுப்போக்கை, மீண்டும் வராமல் தடுக்கவே இது. தினம் நான்கு வீதம், மூன்று நாள். டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது.

மெச்னிகாப்பின் அஸ்தி, அவர் உழைத்த பாஸ்டர் நிலையத்தின் நூலகத்தில் இருக்கிறது.