லைசென்சு இல்லாத மோட்டார் மேதை

கார் என்ஜினையே புது மாதிரியாகச் செய்து காட்டியவர் ஒருவர். ஆனால் கார் ஓட்ட அவரிடம் லைசென்சு கிடையாது! அவருக்குக் கடுமையான கிட்டப் பார்வை.

அவர் யார் தெரியுமா? ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த பெலிக்ஸ் வாங்கெல்.

தந்தை போரில் மாண்டார்

வாங்கெல் 1902-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, லார் என்ற ஊரில் பிறந்தார். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. தந்தை போர்முனையில் மாண்டார். குடும்பத்தை வறுமை வாட்டியது. மேல் படிப்புக்குப் பணம் இல்லை.

ஹைடல்பர்க் நகரில் ஒரு புத்தகக் கம்பெனியில் வாங்கெல் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் புத்தக வேலை. ஓய்வு நேரத்தில் பட்டறை வேலை. என்ஜினைப் பற்றி அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் யாரும் இல்லை. தானே படித்தார். தானே செய்து பார்த்தார்.

குதிக்காத என்ஜின்

சாதாரண என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். ஒவ்வொரு முறையும் நின்று திரும்பும். அதனால் அதிர்ச்சி, சத்தம். குடை ராட்டினம்போல் ஒரே பக்கமாகச் சுற்றும் என்ஜின் செய்தால் என்ன? சிறு வயதிலேயே வாங்கெலுக்கு இந்த ஆசை பிறந்தது. 1929-ல் முதல் பேட்டண்டு உரிமை பெற்றார்.

அழியாத கறை

இளமையிலேயே அவர் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அது அவர் வாழ்வில் அழியாத கறை. பிறகு கட்சிப் பிரமுகர் ஒருவரோடு தகராறு ஏற்பட்டு விலகினார். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வாங்கெலை ஜெயிலில் போட்டார்கள். சில மாதங்களுக்குப் பின் விடுதலையானார். ஆனால் அதே ஆட்சியின் விமான இலாகாவுக்கே வேலை செய்தார். லிண்டாவ் என்ற ஏரிக்கரை ஊரில் ஆராய்ச்சிப் பட்டறை நடத்தினார்.

1945-ல் ஜெர்மனி தோற்றது. பிரெஞ்சுப் படையினர் பட்டறையைக் கலைத்தனர். வாங்கெல் மறுபடியும் ஜெயிலுக்குப் போனார்!

சுற்றியது என்ஜின்!

1951-ல் என்.எஸ்.யு. என்ற மோட்டார் கம்பெனி அவரோடு ஒப்பந்தம் செய்தது. 1957-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, முதல் சுழல் என்ஜின் ஓடியது. வாங்கெலுக்கு அப்போது வயது 54.

அதில் உள்ளே இருந்த சுழலியும் சுற்றியது, வெளிக்கூடும் சுற்றியது. கம்பெனி என்ஜினீயர் பாஷ்கே கூட்டை நிலையாக நிறுத்தி, என்ஜினை எளிமையாக்கினார். வாங்கெலுக்கு இது பிடிக்கவில்லை. ஆயினும் கார்களுக்குள் ஏறியது இந்த என்ஜின்தான்.

உயிர் நாடி

சுழலி மூன்று மூலை கொண்டது. ஒவ்வொரு மூலையிலும் மெல்லிய அடைப்புத் தகடு உண்டு. அது கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடும். எரியும் வாயு கசியாமல் காப்பது அந்தத் தகடுதான். அது உடைந்தால் என்ஜின் போச்சு!

தகட்டைக் காப்பது எப்படி? காற்றையும் பெட்ரோலையும் அளவறிந்து கலக்க வேண்டும்.

1 கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய, சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் முழு வேகத்தில் இந்தக் கணக்கு ஆபத்து. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். கலவை கண்டபடி வெடிக்கும். சம்மட்டி அடிபோல் அந்த அடி தகட்டில் விழும்.

ஆகவே, பளு மிகுந்த நேரத்தில் பெட்ரோலைக் கூட்டுவார்கள். 1 கிலோவுக்கு 12 அல்லது 13 கிலோ காற்றுதான் விடுவார்கள். காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ என்ஜினுக்குச் சுமார் 11 கிலோ. மிஞ்சிய பெட்ரோல், சூட்டைத் தணிக்கும். ஆனால் வரம்பு மீறிக் கூட்டினால் பிளக்கில் கரி படியும். பர்சும் காலியாகும்!

ஜப்பானின் சாதனை

1967-ல் என்.எஸ்.யு. கம்பெனி, ஆர்.ஓ. 80 என்ற அழகிய காரை விற்பனைக்கு விட்டது. தகடுகள் தேய்ந்தன. கம்பெனி தன் செலவில் என்ஜின்களை மாற்றிக் கொடுத்து நொடித்தது. 1969-ல் வேறு கம்பெனியுடன் இணைந்தது.

ஜப்பானின் மாஸ்டா கம்பெனியிலும் இதே தொல்லை. கூட்டின் சுவரில் நகத்தால் கீறியதுபோல் வடு விழுந்தது. அதைப் பேயின் நகக்கீறல் என்றார்கள். யாமமோட்டோ என்ற என்ஜினீயரும் அவர் குழுவினரும் இரவு பகலாக உழைத்தனர். கரியும் அலுமினியமும் கலந்த தகட்டால் வெற்றி கண்டனர். 1967-ல் மாஸ்டாவின் சுழல் என்ஜின் கார் விற்பனைக்கு வந்தது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. உலகெங்கும் பெட்ரோல் விலை எகிறியது. பெட்ரோலை அதிகம் குடிக்கும் இந்த என்ஜினைப் பலர் கைவிட்டனர்.

காணாத வெற்றி

காலேஜ் பட்டம் இல்லாத வாங்கெலுக்கு, 1969-ல் மூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கவுரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1988-ம் ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி, 86-வது வயதில் அவர் காலமானார்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1991-ல் பிரான்சில் லெ மான் நகரில் 24 மணி நேரக் கார் பந்தயம் நடந்தது. நான்கு சுழலிகள் பூட்டிய மாஸ்டா கார், இரவெல்லாம் சீறிப் பாய்ந்தது. அடைப்புத் தகடுகள் அசையாமல் தாங்கின. அந்தக் காருக்கே முதல் பரிசு! அதைக் காண வாங்கெல் இல்லை.