அக்பர் சக்கரவர்த்தியின் புறாக்கள்

அக்பர் சக்கரவர்த்தியின் போர்களையும் வெற்றிகளையும் அறியாதார் அரியர். அவர் வளர்த்த புறாக்களைப் பற்றி அறிந்தாரோ மிகச் சிலரே. கூட்டைத் திறந்துவிட, வானிற் பறந்து சென்ற பறவை தன் விருப்பத்தாலேயே மீண்டு வருமாறு பழக்குதல் அவருக்கு மிகவும் உவப்பான விளையாட்டாயிருந்தது. அவ்விளையாட்டைத் துணையாகக் கொண்டு அவரது சரிதத்தை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

அக்பர் 1542-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் சிந்து நாட்டு உமர்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் ஹுமாயூன் அப்பொழுது நாடிழந்து அலைந்துகொண்டிருந்தார். ஓராண்டே நிரம்பிய மகவைப் பெற்றோர் பிரிந்து செல்ல நேர்ந்தது. அக்பர் சிறிய தந்தையாரின் வசத்திற் காந்தஹாரில் வளர்ந்தார். 1556-இல் தந்தையார் இறக்கவே, 13-ஆம் பிராயத்தில் அரசுரிமை எய்தினார். இளமையிற் புறா விளையாட்டில் ஈடுபட்டிருந்த அவர், அதனை இடையில் விடுத்து, அறிவு முதிர்ந்தபின் மீண்டும் மேற்கொண்டார்.

அவருடைய அமைச்சரும் நண்பருமாகிய அபுல் பஸல், தாம் இயற்றிய ஐனி அக்பரி என்னும் நூலில் இதனை விரித்துரைத்துள்ளார். அரண்மனையில் 20,000-க்கு மேற்பட்ட புறாக்கள் இருந்தன. அவற்றுள் 500 தலைசிறந்தவை. அரசர் இவ்விளையாட்டுக்கு இட்ட பெயர் இஷ்க்பாஸி. காதல் விளையாட்டு என்பது அதன் பொருள்.

விடுபட்ட புறா மீள்வது ஏன்? புறா வளர்ப்போர் புதிய பறவையைச் சின்னாள் கூட்டிலேயே வைத்து இடத்தைப் பழக்குவர். பின்னர்ப் பசித்த வேளையிற் பறக்கவிட்டு, மீண்டவுடன் இரை தருவர். துணையும் குஞ்சும் கூட்டிலிருப்பின் அது இன்னும் விரைந்து திரும்பும். துரத்திப் பிடிப்பாரை எந்தப் பறவையும் நம்பாது. அக்பரின் பறக்கும் புறாக்கள் நூற்றுக்கு 4 சேர் வீதம் கலப்பில்லாத தினை அளிக்கப்பட்டது. மற்றவை பல தானியங்களின் கலவையை உண்டன. படை நடைகொள்ளுங்கால் ஆட்கள் கூடுகளைச் சுமந்து செல்ல, புறாக்கள் வானில் உடன் பறந்து செல்லும். இடையே இறங்கி இளைப்பாறி மீண்டும் எழும். கூடு இடம்பெயரினும் அவை அதனை விட்டு நீங்கவில்லை.

மக்களிடத்தும் அக்பர் பலகால் இந்நெறியையே கைக்கொண்டார். போரிற் பிடிபட்டோரை அடிமையாக்கும் வழக்கத்தை 1562-இல் விலக்கினார்; 1563-இல் யாத்திரை வரியையும் 1564-இல் ஜிஸியா வரியையும் நீக்கினார். இராஜபுத்திர மன்னர் பலர் அவரை அடைந்து, அவருக்குத் துணையாய் நின்றனர். எனினும் 1568-இல் சித்தூர்க் கோட்டை வீழ்ந்தபொழுது, அவர் ஆணையால் ஏறக்குறைய 30,000 பேர் கொல்லப்பட்டனர். அதனை மறைத்துரைத்தல் முறையன்று. அந்நாட்டு இராணா பிரதாபசிங்கர், 1597-இல் இறக்குமளவும் அக்பரின் அவைக்கு வந்தாரல்லர்.

பெருந்துயரம் மகனால் நேர்ந்தது. 1600-இல் இளவரசர் சலீம் கலகம் விளைத்து அலகாபாத்தில் தனியாட்சி நடத்தலானார். 1602-இல் அவரது தூண்டுதலால் அபுல் பஸல் கொலையுண்டார். புறாக்களின் வரலாற்றை நமக்கு வைத்துச் சென்ற நண்பரைத் தம் மகனே கொல்வித்தமை, முதிய அரசரைப் பெரிதும் வருத்திற்று. ஆயினும் 1604-இல் சலீம் ஆக்ராவுக்கு மீண்டு வந்தபொழுது, தந்தையார் அவரைச் சில நாள் காவலில் வைத்துப் பின் மன்னித்தருளினார். மறு ஆண்டு அக்டோபர் மாதத்தில் அக்பர் உயிர் நீத்தார். சலீம் ஜஹாங்கீர் என்னும் பெயருடன் அரியணை ஏறினார்.

இருபதினாயிரம் பறவைகளை ஒரு சீழ்க்கைக்கு இணங்குமாறு பழக்குதல் எளிதாகலாம். ஒரு மனிதனுடைய நெஞ்சை மீட்டல் அத்துணை எளிதன்று. அடித்து அழைத்தவிடத்துச் சித்தூர் வாராது நின்றது. வாயிலை அடையாது வைத்தவிடத்து மகன் மீண்டான். இவ்விரண்டினையும் ஒருங்கு வைத்தெண்ணுதல் நமக்கு நலம் பயக்குமென நம்புகின்றோம்.