மேகநாத் சாகாவும் கல்லூரித் தோழர்களும்

டாக்கா அருகே ஒரு சிற்றூரில், எளிய மளிகைக் கடைக்காரரின் மகனாக 1893-இல் பிறந்தவர் மேகநாத் சாகா. 1911-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியிற் சேர்ந்தார். சத்தியேந்திரநாத் போஸ் அவர்தம் வகுப்புத் தோழர். மஹலனோபிஸ் ஓராண்டு மூத்தவர். வகுப்பில் தோழமைக்குக் குறைவில்லை. ஈடன் இந்து விடுதியிலோ, மேற்குல மாணவர் சிலர் அவரோடு உடனுண்ண மறுத்தனர். அயலூரில் மெஸ் சோறுண்டு காலங்கழித்த நம்மவர்க்கு அந்த வலி சொல்லாமலே விளங்கும்.

1915-இல் எம்.எஸ்ஸி. தேர்வில் போஸ் முதல்வர், சாகா இரண்டாமவர். அதுவோ போர்க்காலம். நிதித்துறைத் தேர்வெழுத விரும்பிய சாகாவைப் புரட்சியாளரோடு தொடர்புடையவரென ஐயுற்று அரசினர் தடுத்துவிட்டனர். சைக்கிளிற் சென்று வீடுவீடாகப் பாடஞ்சொல்லித் தாமும் பிழைத்துத் தம்பியையும் படிக்கவைத்தார். 1916-இல் அசுதோஷ் முகர்ஜி, தோழர் இருவரையும் புதிய விஞ்ஞானக் கல்லூரியில் ஆசிரியராக்கினார். போரினால் ஜெர்மன் நூல்கள் வருவதரிது. புரூல் என்னும் பேராசிரியரிடம் இரவல் வாங்கிப் படித்தனர்.

1917-இல் நம் சி. வி. இராமன் நிதித்துறை உத்தியோகத்தை உதறிவிட்டு அதே கல்லூரிக்கு வந்தார். ஒருவருக்கு எட்டாத உத்தியோகம் மற்றவருக்கு வேண்டாததாயிற்று! மாதச் சம்பளமே கதியென்றிருக்கும் நாம் வியக்காமல் என் செய்வது?

விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழிகாட்டும் சமன்பாட்டைச் சாகா 1920-இல் வெளியிட்டார். தோழர் இருவரும் சேர்ந்து ஆங்கிலத்திற் பெயர்த்த ஐன்ஸ்டைன் கட்டுரைகளும் அவ்வாண்டே நூலாயின.