பருவக்காற்றும் கில்பர்ட் வாக்கரும்

தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி முதியோர் பேசக் கேட்டிருப்பீர்கள். 1876ஆம் ஆண்டு தென்னிந்தியாவில் பருவமழை பொய்த்தது. ஏரிகள் வறண்டன, கால்நடைகள் மடிந்தன, மக்கள் கஞ்சிக்காக ஊர் ஊராக நடந்தனர். சென்னை மாகாணம் மட்டுமின்றி, நாம் இன்று வாழும் பெங்களூரு அடங்கிய மைசூர் அரசும் அப்பஞ்சத்தில் சிக்கியது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மைசூர் அரசின் மக்கள்தொகை ஏறத்தாழ 50 இலட்சம். 1881இல் அது 42 இலட்சம் அளவிற்குக் குறைந்துவிட்டது. தானியத்தைக் கப்பலேற்றி அனுப்பியதும், நிவாரணத்தில் கஞ்சத்தனம் காட்டியதும் ஆட்சியாளர் செய்த பிழைகள். ஆனால் மழை ஏன் வரவில்லை என்ற வினாவுக்கு அன்று எவரிடமும் விடை இல்லை.

அதற்குச் சற்று முன்னர், 1875ஆம் ஆண்டில், இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவரான பிளான்ஃபோர்டு, இமயமலையில் பனி மிகுதியாகப் பெய்த ஆண்டுகளில் பருவமழை குறைவதைக் கண்டார். அதனைக் கொண்டு முன்னறிவிப்புகளும் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த எலியட் காலத்தில், 1899இல், எதிர்பாராத கடும் வறட்சி நாட்டைத் தாக்கியது. பனியை மட்டும் பார்த்தால் போதாது என்பது தெளிவாயிற்று. எலியட் ஓய்வு பெற்றதும், 1904ஆம் ஆண்டு அப்பொறுப்பை ஏற்றவர்தாம் கில்பர்ட் வாக்கர்.

வாக்கர் 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, 1889இல் அங்கு நடைபெற்ற கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். கடும் உழைப்பால் உடல்நலம் குன்றியதால், சில குளிர்காலங்களைச் சுவிட்சர்லாந்தில் கழித்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பூமராங் எறிந்தவரிடமே திரும்பி வருவது எவ்வாறு என்று ஆராய்ந்து கட்டுரை எழுதியவர் அவர். புல்லாங்குழலிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. வானிலையியலில் மட்டும் அவருக்கு முன்பயிற்சி எதுவும் இல்லை! அத்தகைய ஒருவரிடம் ஒரு நாட்டின் மழையைக் கணிக்கும் பணியை ஒப்படைத்தது வியப்பாகத் தோன்றலாம். அந்தக் குறையே அவருக்குத் துணையாயிற்று என்பது என் எண்ணம். பழைய கொள்கைகளில் எதையும் காக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

சிம்லாவில் இருந்த தலைமை அலுவலகத்தில் அமர்ந்து, அவர் உலகத்தின் காற்றழுத்தம், வெப்பநிலை, மழையளவு ஆகியவற்றின் பதிவேடுகளைத் திரட்டினார். ஓரிடத்தில் அழுத்தம் கூடும்போது வேறோரிடத்தில் மழை கூடுகிறதா, குறைகிறதா? இவ்விரண்டுக்கும் உள்ள ஒட்டுறவைக் கணக்கிட்டு எண்ணாகக் கூறலாம். இன்று கணினி நொடியில் செய்யும் அவ்வேலையை அன்று இந்திய எழுத்தர்கள் தாளும் எழுதுகோலும் கொண்டு ஆண்டுக்கணக்கில் செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. வாக்கர் முதலில் வகுத்த முன்னறிவிப்பு வாய்பாட்டில் நான்கு செய்திகள் இடம்பெற்றன: இமயமலைப் பனி, மொரீஷியசின் காற்றழுத்தம், தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், ஆப்பிரிக்கக் கரையோரத் தீவாகிய சான்சிபாரின் மழை. இந்திய உழவனின் மழையைத் தென் அமெரிக்காவில் தேடிய மனிதரைக் கண்டு பலர் புருவம் உயர்த்தியிருப்பர். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளே மழையை ஆள்கின்றன என்ற கருத்தையும் அவர் கணக்கிட்டுப் பார்த்து, அது போதிய பயன் தராது என்று ஒதுக்கினார்.

இங்கே தமிழர் நாம் மறக்கக் கூடாத ஒரு நிகழ்ச்சி உண்டு. 1913ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வாக்கர் சென்னைக்கு வந்திருந்தார். துறைமுகக் கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் அலுவலகத்தில் முப்பது ரூபாய் மாதச் சம்பளத்தில் பணியாற்றிய எழுத்தர் ஒருவரின் கணிதக் குறிப்புகளை அவரிடம் காட்டினார். அந்த எழுத்தர் சீனிவாச இராமானுசன். அவை தம் துறைக்குப் புறம்பான கணிதம் என்று வாக்கர் ஒதுங்கிவிடவில்லை. அவற்றின் தரத்தை உணர்ந்து, இவ்விளைஞர் கவலையின்றி ஆராய்ச்சி செய்ய உதவ வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இராமானுசனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. மழையைக் கணிப்பதில் பலமுறை தவறிய வாக்கர், மனிதரைக் கணிப்பதில் தவறவில்லை.

பல்லாண்டு உழைப்பில் எண்களின் நடுவே ஓர் ஒழுங்கு தென்பட்டது. பசிபிக் பெருங்கடலின் மேல் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலின் மேல் தாழ்கிறது. அங்கே தாழும்போது இங்கே உயர்கிறது. ஏற்றப்பலகையின் இரு முனைகளைப் போன்ற இவ்வசைவுக்கு, 1924ஆம் ஆண்டில், அவர் தென் அலைவு என்று பெயரிட்டார். அவ்வாண்டே சர் பட்டம் பெற்று, இந்தியப் பணியிலிருந்து ஓய்வும் பெற்றார். பின்னர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1934 வரை பேராசிரியராக இருந்தார்.

எனினும், அலைவு ஏன் நிகழ்கிறது என்பதை அவரால் கூற இயலவில்லை. காரணம் கூறாத எண்களை அறிஞர் பலர் நம்பவில்லை. அவர் கண்ட ஒட்டுறவுகள் சில, காலம் செல்லச் செல்ல வலுவிழக்கவும் செய்தன. 1958ஆம் ஆண்டு, தொண்ணூறாம் வயதில், அவர் காலமானார்.

விடை கடலில் இருந்தது. பசிபிக் கடலில் வியாபாரக் காற்றுகள் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசுகின்றன. வெயிலில் சூடேறிய மேற்பரப்பு நீரை அவை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிக்கின்றன. அதனால் அங்குக் கடல்மட்டம் தென் அமெரிக்கக் கரையைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்து நிற்கிறது. பெரு நாட்டின் கரையிலோ ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. தெற்கிலிருந்து குளிர் நீரோட்டமும் வருகிறது. பெங்களூரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. பெருவின் தலைநகர் லிமா தெற்கே 12 பாகையில் உள்ளது. இருந்தும் லிமா மழையற்ற பாலைநிலம். குளிர்ந்த நீரோட்டம் செய்யும் வேலை அது.

வெப்ப நீர் குவிந்த மேற்கில் காற்று மேலெழுந்து மழை பொழிகிறது. உயரத்தில் கிழக்கு நோக்கிச் சென்று, குளிர்ந்த கரையருகே கீழிறங்குகிறது. சில ஆண்டுகளில் வியாபாரக் காற்று தளர்கிறது. குவிந்திருந்த வெப்ப நீர் கிழக்கே பரவுகிறது. மழையும் அதனுடன் இடம் பெயர்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி வரும் இவ்வெப்ப நீருக்குப் பெரு மீனவர், குழந்தை இயேசுவைக் குறிக்கும் எல் நினோ என்ற பெயரை வழங்கினர். 1969ஆம் ஆண்டு, ஜேக்கப் பியர்க்னெஸ் என்னும் அறிஞர், கடலின் இம்மாற்றமும் வாக்கரின் தென் அலைவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று விளக்கினார். அக்காற்றோட்டத்துக்கு அவர் சூட்டிய பெயர் வாக்கர் சுழற்சி. அப்போது வாக்கர் மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.

தாது வருடப் பஞ்சம் நிலவிய 1877இல் பசிபிக் கடலில் மிக வலிய எல் நினோ இருந்தது என்பதைப் பிற்கால ஆய்வாளர் பழைய பதிவுகளிலிருந்து கண்டறிந்தனர். ஆயினும் எல் நினோ வந்தால் வறட்சி உறுதி என்று எண்ணிவிடாதீர்கள். 1997இல் அது கடுமையாக இருந்தும் இந்தியாவில் பருவமழை குறையவில்லை. இந்தியப் பெருங்கடலின் வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. மேலும், தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும் எல் நினோ, தமிழகத்துக்கு உரிய வடகிழக்குப் பருவமழையைப் பெரும்பாலும் கூட்டுகிறது. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015ஆம் ஆண்டு ஓர் எல் நினோ ஆண்டு.

2023இலும் எல் நினோ வந்தது. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. காவிரியில் நீர்வரத்து சுருங்கியது. அடுத்த மார்ச்சு மாதம் பெங்களூருவில் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றின. குடங்களுடன் டேங்கர் லாரிக்காகத் தெருவில் வரிசையில் நின்றவர்களுள் உங்களில் சிலரும் இருந்திருப்பீர்கள்.