கணினிக்கு மனிதச் சொற்களைக் கற்பித்த கிரேஸ் ஹொப்பர்

1906ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி நியூயோர்க் நகரில் கிரேஸ் பிறந்தார். ஏழு வயதில், அலாரக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று அறிய விரும்பி ஒன்றைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. இன்னொன்றைப் பார்த்தால் புரியும் என்று அதையும் கழற்றினார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாகக் கிடந்தன. தாய் அவரைத் தண்டிக்கவில்லை. இனிமேல் ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி மட்டும் சொன்னார்.

அன்று பெண்களுக்கு மட்டுமேயான வாஸர் கல்லூரியில் கணிதமும் பௌதிகவியலும் கற்று 1928இல் பட்டம் பெற்றார். வின்சென்ட் ஹொப்பரை மணந்ததால் கிரேஸ் ஹொப்பர் ஆனார். 1934இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்குக் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் வழங்கியது. வாஸரில் கற்பித்த காலத்தில் கணித மாணவியரைக் கட்டுரை எழுதச் சொல்வார். மாணவியர் முணுமுணுப்பார்கள். அறிந்ததைப் பிறருக்கு விளங்கும்படி எழுத முடியாவிட்டால் அந்த அறிவால் பயனில்லை என்பது அவரது நிலைப்பாடு. பின்னாளில் கணினித் துறையில் அவர் செய்தவற்றுக்கெல்லாம் இந்த எண்ணமே வேராயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர விண்ணப்பித்தார். வயது கூடிவிட்டது, எடையும் குறைவு. விசேட அனுமதி பெற்று 1943இல் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே 51 அடி நீளமான மார்க் 1 கணினி அவருக்காகக் காத்திருந்தது. அதற்கு நிரல் எழுதிய முதற் சிலருள் அவரும் ஒருவர். அதன் கையேட்டைத் தொகுத்து எழுதும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

அங்கே ஒரு விடயத்தைக் கவனித்தார். ஒருமுறை சரியாக எழுதிய நிரல் துண்டுகளை எல்லோரும் குறிப்புப் புத்தகங்களில் சேமித்து வைத்திருந்தனர். தேவைப்படும்போது ஒருவர் மற்றவரிடமிருந்து பார்த்துக் கையால் எழுதினர். அப்படி எழுதும்போதே பிழைகள் நுழைந்தன. சரிபார்த்த துண்டைக் கணினியே எடுத்துப் பொருத்தினால் என்ன என்று அவர் சிந்தித்தார். 1949இல் யுனிவக் கணினியை உருவாக்கிய நிறுவனத்தில் இணைந்து, 1952இல் அந்த வேலையைச் செய்யும் ஏ-0 தொகுப்பியை இயக்கிக் காட்டினார். கணினி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று நினைத்தவர்கள் அதை நம்பவே மறுத்தனர்.

அடுத்து அவரது பார்வை வணிகத்தின் பக்கம் திரும்பியது. சம்பளம், பற்றுச்சீட்டு, களஞ்சிய இருப்பு ஆகியவற்றைக் கையாள்பவர்கள் கணிதக் குறியீடு அறிந்தவர்கள் அல்லர். ஆகவே அன்றாட ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடலாம் என்றார். மேலதிகாரிகள் மறுத்தனர். கணினிக்குச் சொல்லும் ஒரு குறியீடுதான், எந்த மொழியானாலும் சரியே என்று காட்ட, பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் அதே கட்டளைகளை எழுதிக் காட்டினார். அதைக் கண்டு அவர்கள் இன்னும் மிரண்டார்கள்! ஆனாலும் அவர் விடவில்லை. ஃப்ளோ-மெட்டிக் என்ற மொழி பிறந்தது.

1959 மே மாதம் பென்டகனில் ஒரு கூட்டம் நடந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிக்கும் வெவ்வேறு மொழி இருந்ததால், கணினியை மாற்றினால் நிரல்களையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வாகக் குழுவொன்று கோபோல் என்னும் பொது மொழியை வடிவமைத்தது. ஹொப்பர் அதன் ஆலோசகர்களுள் ஒருவர். ஃப்ளோ-மெட்டிக் அதற்கு முக்கிய அடித்தளமாயிற்று. அவரையே கோபோலின் தாய் என்பர். ஆயினும் அது பலரின் கூட்டு உழைப்பு என்பதை மறக்கலாகாது.

கோபோல் நிரலுக்கு நான்கு பிரிவுகள் உண்டு. அடையாளம் ஒன்றில், இயங்கும் கணினியின் விவரம் ஒன்றில், தரவு ஒன்றில், செய்முறை ஒன்றில். கணினி மாறினால் பெரும்பாலும் அதற்குரிய பிரிவை மட்டும் திருத்தினால் போதும் என்பதே நோக்கம். 1960 டிசெம்பரில் ஒரே நிரல், சிறு மாற்றங்களுடன், இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடியது. மாறுவதையும் மாறாததையும் பிரித்து வைக்கும் இவ்வழக்கம் இன்றும் பெரிய நிறுவன மென்பொருள்களின் அடிப்படை விதியாகும்.

1966இல் கடற்படை அவருக்கு ஓய்வளித்தது. மறு ஆண்டே ஆறு மாதப் பணிக்கென்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது. தொகுப்பிகள் உண்மையிலேயே நியமத்துக்கு அமைந்தவையா என்று பரிசோதிக்கும் நிரல்களை அவரது குழு உருவாக்கியது. எப்போதும் இப்படித்தான் செய்தோம் என்ற சாட்டு அவருக்குப் பிடிக்காது. அதை நினைவூட்டவே தன் அலுவலகத்தில் எதிர்த்திசையில் ஓடும் கடிகாரத்தை மாட்டியிருந்தார். 1986இல் றியர் அட்மிரலாக, 79 வயதில் ஓய்வுபெற்றார். 1992 ஜனவரி முதலாம் திகதி காலமானார்.

அவர் மறைந்த பின்னரும் வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் கோபோல் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுதியவர்கள் போய்விட்டார்கள். முகமறியாத யாரோ அவற்றை வாசித்துத் திருத்துகிறார்கள். சகோதரிகளே, நாளை நம்மில் ஒருத்தி நிரல் எழுத அமரும்போது, அதுவும் பின்னால் வருபவருக்கு நாம் ஒப்படைக்கும் ஓர் அமானிதம் என்பதை நினைவிற் கொள்வோம். அவர் வாசித்தால் விளங்கும்படி எழுதுவோம்.