ஜோவாக்கினோ ரோசினி

ஜோவாக்கினோ ரோசினி (பெப்ரவரி 29, 1792 – நவம்பர் 13, 1868) இத்தாலிய இசையமைப்பாளர் ஆவார். 39 ஒப்பேராக்களை (இசை நாடகங்களை) இயற்றியுள்ளார். இவற்றுள் இவரே பிரித்துப் போட்ட நகைச்சுவை ஒப்பேரா ஒன்று, இவர் இறந்து நூறாண்டுகளுக்குப் பின்னரே மீட்கப்பட்டது.

வாழ்க்கை

பெசாரோ நகரில் பிறந்தார். தந்தை ஊதுகருவிக் கலைஞர், தாய் பாடகி. 1816 இல் உரோமில் அரங்கேறிய "செவில் நகர நாவிதன்" முதல் நாள் கூச்சலுக்கு உள்ளாகி, மறுநாளே வெற்றி பெற்றது. 1824 இல் பாரிசில் குடியேறினார்.

ரீம்ஸ் பயணம்

பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லசின் முடிசூட்டு விழாவை ஒட்டி இயற்றப்பட்ட இந்நாடகம், சூன் 19, 1825 அன்று மன்னரின் முன்னிலையில் அரங்கேறியது. முடிசூட்டைக் காணப் புறப்பட்ட பல நாட்டுப் பயணிகள் ஒரு விடுதியில் தங்குகின்றனர். வண்டிக் குதிரைகள் எங்கும் கிடைக்காததால் ரீம்சுக்குப் போகவே இல்லை! துணிமணிகளை ஏற்றி வந்த வண்டி கவிழ்ந்ததால் கலங்கும் சீமாட்டி, ஒரு தொப்பி தப்பியதை அறிந்து களிப்புடன் பாடுவது சுவையான காட்சி. பதினான்கு குரல்கள் இணையும் பாடலும் இதில் உண்டு. எளிதில் மேடையேற்றக் கூடிய படைப்பு அன்று.

சில முறை மட்டுமே நிகழ்த்தப்பட்ட பின் ரோசினி இதைத் திரும்பப் பெற்றார். இசையில் ஏறத்தாழப் பாதியை 1828 இல் "ஓரி பிரபு" என்ற பிரெஞ்சு ஒப்பேராவில் பயன்படுத்திக் கொண்டார். 1848 இல் பாரிசிலும் 1854 இல் வியன்னாவிலும் மாற்றப்பட்ட வடிவங்கள் மேடையேறின. அதன்பின் இந்நாடகம் மறக்கப்பட்டது. 1829 இல் "வில்லியம் டெல்" வெளியான பின் ரோசினி வேறு ஒப்பேரா எழுதவில்லை. அப்போது இவருக்கு அகவை 37 மட்டுமே.

மீட்பு

"ஓரி பிரபு"வில் சேராத பகுதிகளின் கையெழுத்துப்படி 1970களில் உரோமின் சாந்தா செச்சிலியா இசைப்பள்ளி நூலகத்தில் அடையாளம் காணப்பட்டது. அதனுடன் பாரிசு, வியன்னா நகரங்களில் எஞ்சிய படிகளையும் "ஓரி பிரபு"வின் இசையையும் ஒப்பிட்டு, ஜேனட் ஜான்சன் என்ற ஆய்வாளர் செம்பதிப்பை உருவாக்கினார். பிலிப் காசெட் இப்பணிக்குத் துணை நின்றார். கழற்றி வேறொன்றில் பூட்டிய பாகங்களைக் கொண்டு பழைய பொறியை மீண்டும் இயக்கியது போன்ற வேலை இது.

ஆகத்து 18, 1984 அன்று கிளாடியோ அப்பாதோவின் இசை நெறியாள்கையில், ரோசினி பிறந்த பெசாரோவிலேயே நாடகம் மீண்டும் அரங்கேறியது. 1985 இல் மிலானிலும் 1988 இல் வியன்னாவிலும் தொடர்ந்தது. 2001 முதல் பெசாரோ விழாவில் இளம் பாடகர்கள் இதனை நிகழ்த்தத் தொடங்கினர்.