எட்டடி தூரத்தில் புலி: ஜிம் கார்பெட் எந்தத் துப்பாக்கியை நம்பினார்?

நம் நாட்டுச் சின்னத்தில் நிற்கும் மலாயாப் புலிக்கு 2004ஆம் ஆண்டு வரை அறிவியலில் வேறொரு பெயர் இருந்தது. பாந்தெரா டைக்ரிஸ் கார்பெட்டி என்ற அந்தப் பெயரை 1968இல் இந்தோசீனப் புலிகளுக்கு வைத்தார்கள். மலாயாப் புலியும் அந்த இனத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தது. பிறகு மரபணு ஆய்வில் நம் புலி தனி இனம் எனப் பிரிந்தது. அந்தப் பெயரில் இருக்கும் 'கார்பெட்' யார் என்று கேட்டால், புலிகளைச் சுட்டே பெயர் வாங்கிய ஒரு வேட்டைக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும்!

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25ஆம் தேதி, இமயமலை அடிவாரத்தில் உள்ள நைனிடாலில் பிறந்தார். தந்தை அவ்வூர் போஸ்ட்மாஸ்டர். பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பம். ஜிம் சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். கோடைக்கு நைனிடால், குளிர்காலத்துக்குக் கீழே காலாடுங்கி என்று வளர்ந்த பையனுக்குக் காடுதான் விளையாட்டுத் திடல்.

அவர் கைக்கு வந்த முதல் துப்பாக்கி ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் வகை. வலது குழல் பிளந்திருந்தது. கட்டை உடைந்து பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. ஒரு குழல் மட்டுமே வேலை செய்யும். ஒருமுறை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரம் ஆகும். கையில் இருப்பதே ஒரு குண்டு என்னும்போது பையன் என்ன செய்வான்? சத்தமில்லாமல் கிட்டே போவான், குறி உறுதியாகும் வரை பொறுப்பான். பிற்காலத்தில் உலகமே வியந்த பழக்கம் இந்த உடைந்த துப்பாக்கியால் வந்தது. பின்னர் பள்ளிப் பயிற்சிப் படையின் .450 மார்ட்டினி ரைபிள் இரவலாகக் கிடைத்தது. அதைக் கொண்டுதான் தமது முதல் சிறுத்தையைச் சுட்டார்.

பதினெட்டு வயதில் ரயில்வே வேலைக்குப் போனார். பின்னர் கங்கைக் கரையில் மொகாமே காட் என்னும் துறையில், சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களுக்குக் கான்ட்ராக்டர் ஆனார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அங்கேதான். தொடக்கத்தில் அவரும் கூலிகளோடு நின்று நிலக்கரி சுமந்திருக்கிறார். கங்காணி, கிராணி காலத்தை அறிந்த நம் தோட்டப்புற மக்களுக்கு, மேலே இருப்பவர் கூடையைத் தூக்குவது எவ்வளவு அபூர்வம் என்பது சொல்லாமலே புரியும்.

ரயில்வே வேலையில் இருந்தபோதே, 1907இல் சம்பாவத் பெண்புலியைக் கொல்ல அழைப்பு வந்தது. நேபாளத்தில் ஏறக்குறைய 200 பேரைக் கொன்று எல்லை தாண்டி வந்த அந்தப் புலி, குமாயுனில் மேலும் 236 பேரைக் கொன்றிருந்தது. மொத்தம் 436 என்பது கார்பெட் எழுதி வைத்த கணக்கு. மாட்டுக்குப் புல்லும் இலையும் அறுக்கப் போன பெண்களே அதிகம் பலியானார்கள். விடியற்காலை இருட்டில் மரம் சீவப் போன நம் பாட்டிமார்களுக்கும் இந்தப் பயம் புதிதல்ல.

அப்போது கார்பெட்டின் கையில் இருந்தது .500 எக்ஸ்பிரஸ் ரக இரட்டைக் குழல் ரைபிள். கனத்த குண்டு, பலத்த அடி. ஆனால் பையில் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். காடு கலைக்க 298 கிராமத்தார் திரண்டார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியையும் கொண்டு வரலாம், கண்டும் காணாமல் இருப்பேன் என்று தாசில்தார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். புலி வெளியே வந்தது. மூன்று தோட்டாவும் தீர்ந்தன. காயம்பட்ட புலி இன்னும் நின்றுகொண்டிருந்தது.

கார்பெட் ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கினார். இருபதடி தூரத்தில், புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு பட்டதோ அதன் முன்னங்காலில். அந்தத் துப்பாக்கியில் குழலுக்கும் பின்பகுதிக்கும் இடையே முக்கால் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நல்லவேளை, முன்பு பட்ட குண்டுகளே புலியின் கதையை முடித்திருந்தன. இல்லாவிட்டால் கார்பெட்டின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. வலதுபக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. ஒன்று பாதி, மற்றது எலும்பு வரை. அது பழைய துப்பாக்கிக் காயம். எங்கோ யாரோ சரியாகச் சுடாமல் விட்ட ஒரு குண்டு! காட்டு விலங்கைக் கடித்துப் பிடிக்க முடியாமல் போன புலி, ஓடத் தெரியாத மனிதனைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்பது கார்பெட்டின் முடிவு. 436 உயிர்களுக்கு முன்னால் ஒரு தவறிய குறி நின்றது.

வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் குண்டின் பருமன், வேகம், தூரம் என்றே பேசுவார்கள். கார்பெட்டின் கவலை வேறு. சுட்ட விலங்கு அந்த இடத்திலேயே விழ வேண்டும்; காயத்தோடு தப்பினால் அதற்கான விலையை ஊரில் வேறு யாரோ கொடுப்பார்கள். அவரே சுட்ட எல்லாப் புலிகளும் குண்டுக் காயத்தால் கெட்டவை அல்ல. முக்தேசர் பெண்புலியைக் கெடுத்தது முள்ளம்பன்றி. ஆனால் மனிதனின் கைத்தவறு அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

சம்பாவத் வேட்டைக்குப் பரிசாக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு புது ரைபிளைக் கொடுத்தார். லண்டன் ரிக்பி கம்பெனியின் .275. ஜெர்மன் மாசர் ரைபிளின் 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. குண்டு 140 கிரெயின், அதாவது ஒன்பது கிராம்தான். கார்பெட் பிறகு வைத்திருந்த ஜெஃப்ரி .450/400 இரட்டைக் குழல் ரைபிளின் குண்டு 400 கிரெயின், ஏறக்குறைய 26 கிராம். மூன்று மடங்கு வித்தியாசம்!

புலிக்குச் சின்னக் குண்டு போதுமா என்று கேட்போர் அன்றும் இருந்தார்கள். ஆப்பிரிக்காவில் பெல் என்பவர் இதே .275ஐக் கொண்டு யானைகளையே வீழ்த்தினார். இடம் தெரிந்து அடித்தால் சின்னக் குண்டும் போதும். தெரியாமல் அடித்தால் பெரிய குண்டும் காப்பாற்றாது. ஆனாலும் கார்பெட் சின்னதே சிறந்தது என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. நாளெல்லாம் மலையேறி நடக்க வேண்டுமென்றால் இலேசான .275. மிக அருகில் ஒரு நொடிக்குள் இரண்டாவது குண்டும் போக வேண்டுமென்றால் இரட்டைக் குழல். அதில் போல்ட்டை இழுத்துத் தள்ளும் வேலை இல்லை. இந்தக் கணக்கைத் தவறாகப் போட்டவர்கள் பலர் திரும்பி வந்து கதை சொன்னதில்லை.

1930 ஏப்ரல் 11ஆம் தேதி சௌகர் என்ற இடத்தில் இலேசான ரைபிள் அவர் உயிரைக் காத்தது. அங்கே ஒரு கிழட்டுப் பெண்புலி ஐந்து ஆண்டுகளில் 64 பேரைக் கொன்றிருந்தது. ஓடைப் பள்ளம் ஒன்றில் இறங்கி வந்த கார்பெட்டின் இடது கையில் இரண்டு பறவை முட்டைகள் இருந்தன. அபூர்வமான முட்டை என்று ஆசையாக எடுத்து வந்தவை. பெரிய பாறையைச் சுற்றித் திரும்பினால் எட்டடி தூரத்தில் புலி படுத்திருந்தது. வேகமாக அசைந்தால் பாய்ந்துவிடும். வலது கையில் இருந்த .275ஐ ஒரே கையால், அங்குலம் அங்குலமாகச் சுழற்றிக் கொண்டு வந்து, தோளில் வைக்காமலே சுட்டார். புலி எழவில்லை. கனத்த இரட்டைக் குழலாக இருந்தால் ஒரு கையால் அப்படித் திருப்பியிருக்க முடியாது. முட்டைகளைத் திரும்பக் கூட்டிலேயே வைத்துவிட்டு வந்தாராம்.

1938 நவம்பர் 30ஆம் தேதி தாக் கிராமத்தில் நிலைமை தலைகீழ். அவருக்கு வயது 63. ஆட்கொல்லிக்குப் பயந்து ஊரே காலி. பொழுது சாயும் நேரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, புலியின் குரலில் கூப்பிட்டு அதை வரவழைத்தார். வெளிச்சம் இன்னும் சில நிமிடம்தான். இங்கே கையில் இருந்தது .450/400. புலி பாதையில் தலை காட்டியதும் இரண்டு குண்டுகளும் அடுத்தடுத்துப் போயின. துப்பாக்கி உதைத்த உதையில் கார்பெட் பாறையிலிருந்து உருண்டு, கீழே பதுங்கியிருந்த தம் ஆட்கள்மேலேயே விழுந்தார்! அவர் சுட்ட கடைசி ஆட்கொல்லி அதுதான்.

குறிபார்க்கும் தொலைநோக்கி, இன்று வேட்டைக்காரர்கள் ஸ்கோப் என்பது, அக்காலத்திலும் கிடைத்தது. மலைச்சரிவில் தொலைதூரத்தில் நிற்கும் ஆட்டைச் சுட அது உதவும். புதர்க் காட்டில் எட்டடியில் நிற்கும் புலியை அதில் பார்த்தால் வெறும் ரோமம்தான் தெரியும். தலை எது, தோள் எது என்று புரிவதற்குள் நேரம் போய்விடும். மழையும் பனியும் பட்டால் அன்றைய கண்ணாடிகள் மங்கிவிடும். நம் பகாங், பேராக் காடுகளில் நடந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கார்பெட் குழல் மேலிருந்த சாதாரணக் குறியையே நம்பினார்.

அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது வெளிச்சம். 1918 முதல் 1926 வரை கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தை இரவில் மட்டுமே வந்தது. பொறி, விஷம் எதற்கும் அது சிக்கவில்லை. 1921இல் ஆற்றுப் பாலத்தில் வைத்து அதைச் சுட்டவர்களின் குண்டு காலைக் கிழித்ததோடு சரி. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் அது மனித வேட்டையைத் தொடர்ந்தது. 1926 மே மாதம், கோலாப்ராய் என்ற இடத்தில் பாதையோர மாமரத்தில் பத்து இரவு போலக் காத்திருந்த கார்பெட், ரைபிளோடு ஒரு டார்ச் விளக்கைப் பொருத்தியிருந்தார். கீழே கட்டியிருந்த ஆட்டின் மணி அசைந்தது. விளக்கை அழுத்தினார், சிறுத்தை தெரிந்தது, சுட்டார். அதோடு விளக்கும் அணைந்துபோயிற்று. கிடைத்தது ஒரு கணம். விடிந்து பார்த்தால் சிறுத்தை செத்துக் கிடந்தது.

அவரைத் தெய்வமாக்கிப் பேசுவோர் சிலவற்றை மறந்துவிடுகிறார்கள். 1930இல் அவர் சுட்ட பவல்கர் ஆண்புலி யாரையும் கொல்லாதது. அதன் பருமனுக்காகவே பலர் அதைத் தேடினார்கள். காட்டைக் காக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே வைஸ்ராய்களின் வேட்டைகளுக்கும் ஏற்பாடு செய்து கொடுத்தார். ஆனால் 1920களிலிருந்து அவர் கையில் துப்பாக்கியைவிடச் சினிமா கேமராவே அதிகம் இருந்தது. 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்ததில் அவர் பங்கு பெரியது. 1957இல் அதற்கே அவர் பெயரை வைத்தார்கள்.

1944இல் வந்த அவரது முதல் வேட்டைப் புத்தகத்தைத் தி.ஜ.ர. தமிழில் 'குமாயுன் புலிகள்' என்று தந்தார். 1947இல் சகோதரி மேகியோடு கென்யா போய்விட்ட கார்பெட், 1955 ஏப்ரல் 19ஆம் தேதி நியேரியில் இறந்தார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

ரிக்பி ரைபிள் அவரது புத்தகத்தை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் கைக்குப் போனது. 2015இல் அதைச் செய்த கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது. மறு ஆண்டு அதை இந்தியாவுக்கு எடுத்துச் சென்று காட்டினார்கள். கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக என்ற விவரம் இன்றும் இருக்கிறது. அந்தப் புலியைக் கொன்றது இந்த ரைபிள் அல்ல. மூன்று தோட்டாவோடு போன பழைய.500.